கைப்பேசியும் கரைசேர்க்கும் அறிவும்

நுழையும்முன்

வழிகாட்டும் வரைபடம், கைவிளக்கு, நாட்குறிப்பு, வானொலி, ஒளிப்படக் கருவி, அகராதி, பணப்பை என ஒரு தலைமுறைக்கு முன்னர்த் தனித்தனியே வைத்திருந்த பொருள்கள் யாவும் இன்று உள்ளங்கையில் அடங்கும் ஒற்றைக் கருவிக்குள் குடியேறிவிட்டன. ஆயினும், கருவி கையில் இருப்பது வேறு. அது காலத்தில் உதவுவது வேறு. இவ்விரண்டிற்கும் இடையிலுள்ள தொலைவைக் குமரி மாவட்டத்தின் கடலையும் வயலையும் சந்தையையும் குளத்தையும் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

ஒக்கி கற்பித்த பாடம்

2017ஆம் ஆண்டு நவம்பர் 29ஆம் நாள் இலங்கைக்கு அருகே உருவான காற்றழுத்தத் தாழ்வு மண்டலம், மறுநாளே குமரிக்கடலில் புயலாக வலுப்பெற்றது. அப்புயலுக்கு வங்கதேசம் வழங்கியிருந்த பெயர் ஒக்கி. வங்கமொழியில் அதற்குக் 'கண்' என்பது பொருள். கடலில் பல நாள் நகர்ந்து வலுப்பெறும் புயல்களைப் போலன்றி, ஒக்கி மிகக் குறுகிய காலத்தில் உருவாகி மிக விரைவாகச் சீறியது. தூத்தூர், சின்னத்துறை, பூத்துறை, வள்ளவிளை, நீரோடி முதலிய ஊர்களைச் சேர்ந்த ஆழ்கடல் மீனவர்கள் அதற்குப் பல நாள்களுக்கு முன்னரே கடலுக்குள் சென்றிருந்தனர். சுறாவையும் சூரையையும் தேடிக் கரையைவிட்டு நெடுந்தொலைவு சென்று, வாரக்கணக்கில் கடலிலேயே தங்கித் தொழில் செய்வது அப்பகுதி மீனவர்களின் வழக்கம்.

அவர்களுள் பலரிடம் கைப்பேசி இருந்தது. புயல்பற்றிய எச்சரிக்கையும் கரையில் இருந்தது. ஆனால், எச்சரிக்கை அவர்களைச் சென்று சேரவில்லை. கைப்பேசிக் கோபுரத்தின் அலைகள் கரையிலிருந்து சில கடல்மைல் தொலைவுக்கே எட்டும். அதற்கு அப்பால் கைப்பேசி ஒரு கடிகாரமாகவும் கைவிளக்காகவும் மட்டுமே பயன்படும். புயலில் சிக்கிக் கரை திரும்பாமல் போனவர்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர். தமிழகக் கடற்கரையிலும் கேரளக் கடற்கரையிலும் எத்தனையோ வீடுகளில் அந்த ஆண்டு கிறித்துமசு விண்மீன் விளக்கு ஏற்றப்படவில்லை.

இத்துயரத்திற்குக் காரணம் கைப்பேசி அன்று. எனினும், கைப்பேசியைப்பற்றிய பேச்சுகளில் பெரும்பாலும் விடுபட்டுப்போகும் ஒரு வினாவை ஒக்கி எழுப்பியது. 'இந்தச் செயலி என்னென்ன செய்யும்?' என்பதே வழக்கமான வினா. 'தேவைப்படும் நொடியில், தேவைப்படுபவர் கையில் இது செயல்படுமா?' என்பதே கேட்கப்படவேண்டிய வினா. முதல் வினாவிற்கு விளம்பரமே விடை சொல்லிவிடும். இரண்டாவது வினாவிற்குப் பயன்படுத்துபவர்தாம் விடை தேடவேண்டும்.

செய்தி சேரும் வழி

அவ்வினாவிற்கு அறிவியலாளர் தேடிய விடைகளுள் ஒன்று 'ஜெமினி' என்னும் கருவி. ஐதராபாத்திலுள்ள இந்தியப் பெருங்கடல் தகவல் சேவைகள் தேசிய மையமும் இந்திய விமானநிலையங்கள் ஆணையமும் இணைந்து அதனை 2019ஆம் ஆண்டு அக்டோபரில் அறிமுகப்படுத்தின. வானூர்திகளுக்கு வழிகாட்டும் 'ககன்' அமைப்பின் செயற்கைக்கோள்கள் வழியாக வரும் புயல் எச்சரிக்கையை இக்கருவி பெற்று, அருகிலுள்ள கைப்பேசிக்குப் புளூடூத் இணைப்பின்வழி அனுப்பும். கைப்பேசியிலுள்ள செயலி அச்செய்தியை மீனவர் படிக்கும் மொழியில் காட்டும். கைப்பேசி மாறவில்லை, செய்தி வரும் வழிதான் மாறியது. கோபுரம் எட்டாத கடலிலும் வானம் எட்டும் என்பதே இதன் அடிப்படை.

எனினும், ஜெமினி ஒருவழிக் கருவி. கரையின் செய்தி கடலுக்குச் செல்லும். கடலின் குரல் கரைக்கு வராது. இடரில் இருப்பவர் தம் இருப்பிடத்தைத் தெரிவிக்க இயலாத அக்குறையை நீக்க, இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் இருவழிச் செய்திக் கருவிகளை உருவாக்கியது. அவை இப்போது விசைப்படகுகளில் பொருத்தப்பட்டுவருகின்றன. கருவியின் குறையை அறிந்து சொல்பவர் இருந்தால்தான் கருவி வளரும் என்பதற்கு இஃது ஒரு சான்று.

கரைக்கு அண்மையில் தொழில் செய்வோர்க்கு உதவும் செயலிகளும் உள்ளன. எம்.எசு.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய 'மீனவ நண்பன்' செயலி காற்றின் விரைவு, அலையின் உயரம், மீன் கிடைக்க வாய்ப்புள்ள பகுதி ஆகியவற்றைத் தமிழில் தருகிறது. கடற்பரப்பின் வெப்பநிலையையும் நீரிலுள்ள பச்சையத்தின் அளவையும் செயற்கைக்கோள்கள் அளந்து தருவதைக்கொண்டு, மீன்கள் கூடும் இடம் கணிக்கப்படுகிறது. இத்தகைய தகவலைக் கரையில் இருக்கும்போதே பார்த்துவிட்டுப் படகேறுவது அறிவுடைமை. கடலுக்குள் சென்றபின் தேடுவது காலம் கடந்த செயல்.

கோபுரம் எட்டாத இடத்திலும்

கோபுரம் எட்டாத இடத்தில் கைப்பேசி முற்றிலும் பயனற்றது என்று பலரும் எண்ணுவர். அது பாதி உண்மையே. இருப்பிடம் காட்டும் ஜி.பி.எஸ். வசதிக்குக் கைப்பேசிக் கோபுரம் தேவையில்லை, இணையமும் தேவையில்லை. குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களிலிருந்து வரும் அலைகளைப் பெற்று, அவை வந்துசேர எடுத்துக்கொண்ட நேரத்தைக் கணக்கிட்டு, கைப்பேசி தன் இருப்பிடத்தைத் தானே அறிந்துகொள்கிறது. இணையம் தேவைப்படுவது அவ்விருப்பிடத்தைச் சுற்றியுள்ள வரைபடத்தைக் காட்டுவதற்குத்தான். வீட்டில் இருக்கும்போதே குறிப்பிட்ட பகுதியின் வரைபடத்தைப் பதிவிறக்கி வைத்துக்கொண்டால், பேச்சிப்பாறைக்கு அப்பாலுள்ள காட்டுப்பாதையிலும் வழி தெரியும்.

இந்த நுட்பம் குமரிக் கடற்கரைக்கு முற்றிலும் புதியதன்று. கட்டுமரத்தில் சென்ற முன்னோர், கரையில் தெரியும் மலைமுகடு ஒன்றையும் கோயில் கோபுரம் ஒன்றையும் ஒரே நேர்க்கோட்டில் வைத்துப் பார்ப்பர். வேறொரு திசையில் மற்றோர் இணையை அவ்வாறே பார்ப்பர். இரு கோடுகளும் வெட்டிக்கொள்ளும் புள்ளியே கடலடியில் மீன் தங்கும் பாறைக்கு அடையாளம். தொலைவிலுள்ள நிலையான பொருள்களைக்கொண்டு தன் இருப்பிடத்தை அறிவதே அம்முறை. செயற்கைக்கோள் செய்வதும் அடிப்படையில் அதுவே. மலைமுகடுகள் வானத்திற்கு ஏறிவிட்டன என்று கொள்ளலாம். முன்னோரின் அறிவை அறிந்தவர்க்குப் புதிய நுட்பம் விளங்குகிறது. புதிய நுட்பத்தை அறிந்தவர்க்கு முன்னோரின் அருமை விளங்குகிறது.

மின்கலச் சேமிப்பும் இத்தகைய முன்னறிவைச் சார்ந்தது. கோபுரத்தின் அலை வலுவிழந்த இடத்தில் கைப்பேசி அதனை விடாமல் தேடும்; அதனால் மின்கலம் விரைவில் வற்றும். மலைப்பயணத்திலோ மின்சாரம் நின்றுபோன மழைநாளிலோ விமானப் பயன்முறையை இயக்கி வைத்து, வேண்டும்போது மட்டும் அதனை நீக்கிப் பேசினால் மின்கலம் நெடுநேரம் தாங்கும். குருதிவகை, ஒவ்வாமை, உறவினரின் எண் ஆகியவற்றை அவசரத் தகவல் பகுதியில் பதிந்து வைத்தால், பூட்டியிருக்கும் திரையிலேயே பிறர் அவற்றைக் காண இயலும். மயங்கி விழுந்த ஒருவருக்காக அவருடைய கைப்பேசியே பேசும். இவற்றுள் எதற்கும் புதிதாகச் செயலி வாங்கவேண்டியதில்லை. கையிலிருப்பதை அறிந்திருந்தாலே போதும்.

வயலும் சந்தையும்

கடலைப் போலவே வயலும் வானத்தை நம்பியிருக்கிறது. நாஞ்சில் நாட்டின் கன்னிப்பூ, கும்பப்பூ என்னும் இருபோக நெல்லுக்கு, 1906ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்ட பேச்சிப்பாறை அணை நீர் தருகிறது. அணை நீர் தந்தாலும், அறுவடை நாளில் பெய்யும் மழையை அணையால் தடுக்க இயலாது. தமிழ்நாடு அரசு 2018ஆம் ஆண்டு வெளியிட்ட 'உழவன்' செயலி, வானிலை முன்னறிவிப்பு, மானியத் திட்டங்கள், சந்தை விலை, வேளாண் கருவிகளின் வாடகை முதலியவற்றைத் தருகிறது. இந்திய வானிலை ஆய்வுத்துறையும் பிற நிறுவனங்களும் 2019இல் உருவாக்கிய 'மேகதூத்' செயலி, மாவட்டவாரியாகப் பயிர்களுக்குரிய அறிவுரைகளை வழங்குகிறது. மின்னல் விழும் வாய்ப்பைத் 'தாமினி' செயலி முன்னறிவிக்கிறது. கோடைமழையிலும் ஐப்பசி மழையிலும் திறந்த வயலில் நிற்பவர்க்கு அது வெறும் தகவலன்று, உயிர்க்காப்பு.

தோவாளைப் பூச்சந்தையில் வைகறையிலேயே வணிகம் தொடங்கிவிடும். பிச்சியும் அரளியும் வாடாமல்லியும் கைமாறும் விரைவில் சில்லறை எண்ணுவதற்கு நேரம் இராது. 2016ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த யுபிஐ, இத்தகைய வணிகத்தை எளிதாக்கியது. அந்த எளிமையே ஏமாற்றுவோர்க்கும் வழியாகிறது. 'பணம் அனுப்பியிருக்கிறேன், பெற்றுக்கொள்ள இரகசிய எண்ணை இடுங்கள்' என்று வரும் அழைப்பை நம்பிச் சேமிப்பை இழந்தவர்கள் ஊர்தோறும் உளர். இரகசிய எண் என்பது பணம் கொடுப்பதற்கு உரியது. பணம் பெறுவதற்கு அது ஒருபோதும் தேவையில்லை. இந்த ஒரு தொடரை வீட்டிலுள்ள முதியோர்க்குப் புரியவைப்பது, பத்துச் செயலிகளைப் பதிவிறக்கித் தருவதைவிடப் பெரிய உதவி.

தாய்மொழியில் இயங்கும் கருவி

ஒரு செயலி எத்துணைச் சிறந்ததாயினும், அதன் மொழி புரியாதவர்க்கு அது பூட்டிய அறையே. கணினித் தமிழுக்குரிய விசைப்பலகை ஒன்றை முறைப்படுத்தும் முயற்சி 1999ஆம் ஆண்டு சென்னையில் நடைபெற்ற தமிழிணைய மாநாட்டில் நிறைவேறியது. தமிழ்99 என்னும் அவ்விசைப்பலகையில் உயிரெழுத்துகள் ஒருபுறமும் மெய்யெழுத்துகள் மறுபுறமும் அமைந்துள்ளன. இன்று அது கைப்பேசியிலும் கிடைக்கிறது. மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன் உருவாக்கிய 'செல்லினம்' 2005ஆம் ஆண்டு வெளிவந்து, கைப்பேசியில் தமிழில் எழுதுவதற்கு வழிவகுத்தது. தமிழரின் இடத்தைத் தமிழுக்கு அவர்களே தேடிப் பெற்ற வரலாறு அது.

எழுதத் தெரியாதவர்க்கும் இன்று வழி உண்டு. விசைப்பலகையிலுள்ள ஒலிவாங்கிக் குறியைத் தொட்டுத் தமிழில் பேசினால், பேச்சு எழுத்தாகிறது. திரையிலுள்ள எழுத்தைக் கைப்பேசியே உரக்கப் படித்துக்காட்டும் வசதி, பார்வைக் குறைபாடு உடையவர்க்கு உறுதுணை. அமைப்புப் பகுதியில் எழுத்தின் அளவைப் பெரிதாக்கினால், கண்ணாடியைத் தேடும் முதியவருக்கு நாளிதழ்ச் செய்தியும் பேருந்து நேரமும் எளிதில் புலப்படும். இம்மூன்றும் பெரும்பாலான கைப்பேசிகளில் முன்னரே இருப்பவை. அவை இருப்பதைச் சொல்வதற்கு ஆள் இல்லாததே குறை.

குளக்கரையில் ஒரு விளையாட்டு

பயன் என்பது எப்போதும் இடரையும் வருவாயையும் மட்டும் சார்ந்ததன்று, மகிழ்ச்சியும் பயனே. கவிமணி பிறந்த தேரூரின் குளமும் அதனை அடுத்த சுசீந்திரம் குளமும் சேர்ந்த ஈரநிலம், 2022ஆம் ஆண்டு பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் தளமாக அறிவிக்கப்பட்டது. குளிர்காலத்தில் தொலைநாடுகளிலிருந்து பறவைகள் அங்கு வருகின்றன. கார்னெல் பறவையியல் ஆய்வகத்தின் 'மெர்லின்' செயலியில் நிறம், உருவம், கண்ட இடம் ஆகியவற்றைக் குறித்தால், பறவை இன்னதென்று அது ஊகித்துச் சொல்லும். கண்ட பறவைகளின் பட்டியலை 'ஈ-பேர்ட்' செயலியில் பதிந்தால், அது உலகளாவிய ஆய்வுத் தரவில் ஒரு வரியாகச் சேரும். வார இறுதியில் குளக்கரையில் ஒரு மணிநேரம் நிற்கும் மாணவர், விளையாட்டாகவே அறிவியலுக்குத் தொண்டு செய்தவர் ஆகிறார்.

செயலி சொல்லும் பெயர் பெரும்பாலும் ஆங்கிலப் பெயராக இருக்கும். அப்பறவைக்கு ஊரார் வழங்கும் பெயரை எந்தச் செயலியும் முழுமையாக அறியாது. அதற்குக் குளக்கரையில் ஆடு மேய்க்கும் பெரியவரிடம்தான் கேட்கவேண்டும். கைப்பேசியைப் பார்த்தபின் தலையை நிமிர்த்தி அருகிலுள்ளவரிடம் ஒரு வினா கேட்பவர்க்கே அறிவு முழுமையடைகிறது.

இசைவு கேட்கும் செயலி

எல்லாச் செயலிகளும் நல்ல நோக்கத்துடன் வருவதில்லை. விளக்கு எரிப்பதற்கு மட்டும் உருவான செயலி, தொடர்பு எண்களையும் இருப்பிடத்தையும் காண இசைவு கேட்குமானால், அது விளக்கன்று, ஒற்றன். 'அனுமதி' என்னும் சொல்லைத் தொடுவதற்குமுன், கேட்கப்படும் இசைவுக்கும் செயலியின் பணிக்கும் தொடர்பு உண்டா என்று எண்ணிப் பார்க்கவேண்டும். வழிகாட்டும் செயலி இருப்பிடத்தைக் கேட்பது முறை. கணக்கிடும் செயலி அதைக் கேட்பது முறையன்று. பயன்படுத்தாத செயலிகளை மாதந்தோறும் நீக்குவது, வீட்டைப் பெருக்குவதைப் போன்ற ஒரு நல்வழக்கம்.

யார் கற்பிப்பது?

'செயலிகள் பெருகினால் மனிதரின் இயல்பான அறிவு மழுங்கும்' என்று கூறுவோர் உண்டு. அக்கூற்றைப் புறந்தள்ளுதல் தகாது. காற்றின் மணத்தையும் நீரோட்டத்தின் போக்கையும் கொண்டு வானிலையை உணர்ந்த கடலோடியின் கூர்மை, திரையைமட்டும் நம்புபவரிடம் இல்லை. ஆனால், ஒக்கியின் விரைவு அனுபவம் மிக்க கடலோடிகளையும் திகைக்கவைத்தது. பழைய அறிவு தனித்து நின்றபோதும் உயிர்கள் போயின. புதிய கருவி தனித்து நின்றபோதும் உயிர்கள் போயின. ஆகவே, ஒன்றைவிட்டு ஒன்றைத் தேர்வது தீர்வன்று. இரண்டும் ஒரே படகில் ஏறவேண்டும்.

அவ்வாறு ஏற்றிவைக்கும் பொறுப்பு இன்று மாணவரிடம் உள்ளது. பெரும்பாலான வீடுகளில் கைப்பேசியை நன்கு அறிந்தவர் பள்ளியில் பயில்பவரே. கடலுக்குச் செல்லும் தந்தைக்கும், சந்தைக்குச் செல்லும் தாய்க்கும், மருந்துப் பெயரைப் படிக்கத் திணறும் பாட்டிக்கும் முதல் ஆசிரியர் அவரே. தாம் மட்டும் காணொலி பார்ப்பதற்குக் கற்ற திறனில் ஒரு பகுதியை வீட்டாருக்குப் பகிர்வதற்கு ஒரு மாலைநேரம் போதும். எச்சரிக்கைச் செயலியில் மொழியைத் தமிழுக்கு மாற்றிவைத்தல், அவசர எண்ணைப் பதிதல், இரகசிய எண்ணின் இயல்பை விளக்குதல் என்னும் சிறு செயல்கள் அவை. அவற்றைச் செய்யாமல் விட்டதன் விலை சில வேளைகளில் ஓர் உயிராக இருக்கும்.

கைப்பேசியின் அறிவு அதன் விலையில் இல்லை; அதை வைத்திருப்பவரின் முன்னெண்ணத்தில் உள்ளது. கரையில் இருக்கும்போது கற்றுக்கொண்டதே கடலில் உதவும்.

தெரிந்து தெளிவோம்

• காவல், தீயணைப்பு, மருத்துவம் ஆகிய அவசர உதவிகளுக்கு ஒரே எண்: 112.
• இணையவழிப் பண மோசடியைத் தாமதமின்றித் தெரிவிக்க: 1930. விரைந்து தெரிவித்தால் பணம் கைமாறுவதைத் தடுக்கும் வாய்ப்பு மிகுதி.
• இணைய வசதி இல்லாத கைப்பேசியிலும் *99# என்று அழைத்து வங்கிக் கணக்கின் இருப்பை அறியலாம், பணமும் அனுப்பலாம்.

கற்பவை கற்றபின்...

1. உம் வீட்டிலுள்ள முதியவர் ஒருவருக்குக் கைப்பேசியில் நீவிர் கற்பித்த ஒரு வசதியையும், அவர் உமக்குக் கற்பித்த ஒரு மரபறிவையும் ஒப்பிட்டு ஒருபக்க அளவில் எழுதுக.
2. 'கைப்பேசிச் செயலிகள் மரபறிவை வளர்க்கின்றனவா, மழுங்கச் செய்கின்றனவா?' என்னும் பொருளில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.
3. உம் ஊரில் காணப்படும் ஐந்து பறவைகளின் வட்டார வழக்குப் பெயர்களைத் தொகுத்து வகுப்பறையில் காட்சிப்படுத்துக.